என் பல்லில் குடியிருந்த ஜிம்மி

டின்னுப் பால் டப்பாவின் மூடியில் ஆணியால் எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை போட்டு, அதில் ஒன்றில் வாய் வைத்து அண்ணாந்தால், முதலில் தகரத்தின் சில்லிப்பு உதட்டில் படும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. அம்மா காலையிலேயே தேத்தண்ணிக்கு ஊற்றித் தீர்த்துவிட்டாரோ என்று நெஞ்சு திக்கென்கிற அந்த நேரத்தில்தான், கெட்டியாக, அவசரமே இல்லாமல், அந்தத் தித்திப்பு நாக்கின் நடுவில் வந்து இறங்கும். இதை எழுதும்போதே எனக்கு எச்சில் ஊறுகிறது. கூடவே இடது பக்கக் கடைவாயில் ஒரு சுருக்கும் தெரிகிறது. அந்தச் சுருக்குக்குச் சொந்தக்காரப் பல் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஓர் அடுக்குவீட்டின் நாலாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா செந்தூல் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. ஆனால் ரயிலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டவர். அம்மாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் வந்து ஆளுக்கொரு நேரத்தில் தூங்குகிற அந்த வீட்டில், எனக்கு எப்போதும் துணையாக இருந்தது அந்த டின்னுதான். எறும்பு ஏறாமலிருக்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் டின்னை நிறுத்தியிருப்பார்கள். தேத்தண்ணிக்கு அது, காப்பிக்கு அது, ரொட்டிக்கு அது, நான் அழுதால் ஒரு கரண்டி அது, அழாமல் இருந்ததற்குப் பரிசாக இன்னொரு கரண்டியும் அதுவேதான். நாலு வயது வரைக்கும் புட்டியில் அதைத்தான் கரைத்துக் கொடுத்து என்னைத் தூங்க வைத்தார்களாம்.

பல் விஷயத்தில் அம்மாவுக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை இருந்தது. “பால் பல்லுதானே, தானா விழும், தானா மொளைக்கும். அதுக்குப் போயி யாராச்சும் டாக்டர்கிட்ட ஓடுவாங்களா?” என்பார். எனக்கென்று ஒரு பல் பிரஷ் இருந்தது உண்மைதான். அதன் முடிகளெல்லாம் நாலா பக்கமும் சாய்ந்து படுத்திருந்தன. காலையில் ஒரு தடவை அதை வாய்க்கு அறிமுகப்படுத்திவிட்டு எடுத்து வைத்தால் அன்றைய கடமை முடிந்தது.

அந்த ஆறு வயதில் எனக்கு ஒரே ஒரு ஏக்கம்தான் இருந்தது: ஒரு நாய் வேண்டும். கூடப் பிறந்தவர் யாருமில்லை, “தடிகா” என்று நாங்கள் சொல்லும் பாலர் பள்ளி பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடும், அதற்குமேல் அந்த நீளமான பகலை நான் தனியாகத்தான் கழிக்க வேண்டும். நாய்க்கு ஜிம்மி என்று பெயர்கூட வைத்துவிட்டேன். அப்பாவிடம் கேட்டபோது, வழக்கம்போலப் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். “நாலாவது மாடியில நாயா? நமக்கே எடமில்லைலா பாப்பா” என்றார். அப்பா எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். கல்யாணப் படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்பார். சர்ச்சில் எல்லோரும் பாடும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சும்மா உதட்டை மட்டும் அசைப்பார். அது அவருடைய “ஸ்டைல்” என்று நான் நினைத்திருந்தேன்.

நாய் இல்லை என்றாகிவிட்டது. பெயர் மட்டும் சும்மா கிடந்தது.

இந்த நிலையில்தான் ராசாத்தி அக்கா வந்து சேருகிறார். அவர் எங்களுக்கு நேர் கீழ் வீடு. அம்மா அப்பா வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தோட்டத்தில் வளர்ந்தவர். என் கடைவாயில் கறுப்பாக ஒரு புள்ளியைப் பார்த்ததும் தாடையைப் பிடித்துத் திருப்பி, “அடிப்பாவி, பூச்சி வந்திருச்சு! உள்ள குடும்பம் நடத்துது பாரு. பசிச்சா பல்லத்தான் திங்கும்!” என்றார். அவர் என்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அவர் இருந்த தோட்டத்தில் ஒருவர், கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடிக்க வைத்து, வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பல்லுப் பூச்சி தண்ணீர்க் கிண்ணத்தில் விழுவதை ஊருக்கே காட்டுவாராம். “என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

வேறு பிள்ளையாக இருந்தால் பயந்து பிரஷைத் தேடி ஓடியிருக்கும். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாலாவது மாடியில், யாரிடமும் அனுமதி கேட்காமல், என் வாய்க்குள்ளேயே ஒரு உயிர் வந்து குடியேறியிருக்கிறது! சும்மா கிடந்த பெயரை உடனே அதற்கு வைத்துவிட்டேன்.

பசித்தால் பல்லைத் தின்னும் என்றுதானே அக்கா சொன்னார்? அப்படியானால் பசிக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, டின்னை எடுத்து அண்ணாந்து, தலையை இடது பக்கம் சாய்த்து, தித்திப்பு கடைவாய்ப் பக்கம் ஓடும்படி விட்டு, ஜிம்மி நிதானமாகச் சாப்பிடட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருப்பேன். தூங்கும் முன்னால் கடைசியாக ஒரு கரண்டி. அதற்குப் பிறகு வாய் கொப்பளிக்க மாட்டேன். சாப்பிட்டவன் தலையில் தண்ணீர் ஊற்றுவது மரியாதையா என்ன? காலையில் பிரஷ் அந்தப் பக்கம் போகவே போகாது. தூங்குகிறவனை எதற்கு எழுப்ப வேண்டும்? இப்படி ஒரு வருடம், ஒரு வேளை தவறாமல், என் பல்லைக் காப்பாற்றுவதற்காக நான் அதற்குச் சர்க்கரை ஊட்டி வளர்த்தேன். என்னைவிட அக்கறையாகப் பல்லைக் கெடுத்துக்கொண்ட பிள்ளை கிள்ளானில் இருந்திருக்க முடியாது.

படுக்கும் முன் ஜெபத்தில், “அப்பாவை ஆசீர்வதியும், அம்மாவை ஆசீர்வதியும்” என்பதோடு “ஜிம்மியை ஆசீர்வதியும்” என்பதையும் சேர்த்துக்கொண்டேன். யார் அது என்று அம்மா கேட்டார். ஃப்ரெண்டு என்றேன். தடிகாவில் எவனோ ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டு, “இந்த வயசுலயே ஃப்ரெண்டாம்லா” என்று அலுத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அப்புறம் ஒரு நாள் வலி வந்தது. முதலில் லேசாக விண்ணென்று, பிறகு காது வரைக்கும் இழுத்தது. எனக்கு என்னைப் பற்றிய கவலையே வரவில்லை. ஜிம்மிக்கு உடம்பு சரியில்லை, அவன் உள்ளே கிடந்து புரள்கிறான் என்றுதான் தோன்றியது. அம்மாவிடம் சொல்ல முடியாது, சொன்னால் ராசாத்தி அக்காவுக்குத் தெரிந்துவிடும், அக்கா புகை போடுகிற ஆளை எங்கிருந்தாவது கூட்டிவந்து அவனைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விழவைத்துவிடுவார். மனிதர்கள் யாரையும் நம்ப முடியாது என்றானதும், ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு பள்ளியில் டீச்சர், “யாருக்காச்சும் ஜெபம் வேணுமா?” என்று கேட்டபோது கையைத் தூக்கினேன்.

“ஜிம்மிக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர்.”

“யாரும்மா ஜிம்மி?”

“எங்க வீட்ல என்கூடத்தான் இருக்கான்.”

“ஐயோ பாவம். எத்தன வயசு?”

“ஒரு வயசு ஆச்சு டீச்சர். ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்றான்.”

டீச்சர் கண் கலங்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டு நேராகப் போதகர் ஐயா கைக்குப் போய், அன்றைய ஆராதனையில் நோயுற்றோருக்கான ஜெபத்தில், எங்கள் வீட்டு விலாசத்தோடு “சிறு பாலகன் ஜிம்மி” என்று வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சபையார் “ஆமென்” சொல்வது எங்கள் சர்ச் வழக்கம். ஜிம்மிக்கு நல்ல கனமான ஆமென் கிடைத்தது. அம்மாவுக்கு அன்று ஃபேக்டரி. அப்பா வழக்கம்போல அறிவிப்பும் பெயர் வாசிப்பும் நடக்கிற நேரத்தில் வெளியே மரத்தடியில் மற்ற அங்கிள்களோடு நின்றுகொண்டிருந்தார். ஆக, என் வீட்டில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச் மாதர் ஐக்கியத்திலிருந்து மூன்று பேர், நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறி, பார்லி டப்பாவும் ஆரஞ்சுப் பையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் கிரேஸ் ஆன்டி. அவர் வந்தால் நோய்கூடக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அப்பாவும் அம்மாவும் அதிசயமாக ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். அம்மா பதறிப்போய் நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு, “வாங்கக்கா, வாங்கக்கா” என்றார்.

“புள்ள எங்க ரூபி?” என்றார் கிரேஸ் ஆன்டி, குரலைத் தாழ்த்தி.

“இதோ இங்கத்தான் நிக்கிது.”

“இது இல்லம்மா. சின்னப் புள்ள. ஜிம்மி.”

“எந்த ஜிம்மி?”

“ஒரு வயசுப் பையன். ஒங்க வீட்லதான் இருக்கான்னு சர்ச்சுல பேர் வாசிச்சாங்களே.”

அம்மா துணிக் குவியலோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். ஆன்டிகள் மூவரும் கூடவே திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்த அப்பாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தட்டிலிருந்த கோப்பையெல்லாம் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. “ரூபி, கர்த்தர் மேல ஆணையா எனக்கு எந்த ஜிம்மியும் தெரியாது” என்றார். அம்மா அமைதியாக, “அப்ப ஏன் கை நடுங்குது?” என்றார்.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் நான் நடுவில் போய் நின்று, வாயைப் பிளந்து, விரலால் உள்ளே காட்டினேன். கிரேஸ் ஆன்டி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் லைட்டை எடுத்து அடித்துப் பார்த்தார். “ரூபி, இது பல்லு இல்ல, கெணறு” என்றார். நான் விம்மிக்கொண்டே டின்னுப் பாலிலிருந்து ஜெபம் வரைக்கும் எல்லாக் கதையையும் சொல்லி முடித்தபோது, ஓர் ஆன்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். அம்மாவுக்கு முதலில் நிம்மதி, உடனே அவமானம், அதற்கடுத்து ஆத்திரம் வந்து, கடைசியில் அந்த டின்னைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியப் போனார். கீழே ஆள் நடப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அப்பா லீவு போட்டு என்னை அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அதுதான் என் முதல் பல் வைத்தியம். சிறுபிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற நர்ஸை எங்கள் ஊரில் “பல்லு மிசி” என்போம். நம்பர் வாங்கிக்கொண்டு, கிராம்பு வாசம் மூக்கைத் துளைக்கும் ஒரு நீளமான கூடத்தில் உட்கார்ந்தோம். உள்ளே ‘விர்ர்’ என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் பெஞ்சில் யாரோ குலுங்கினார்கள். அது நான் இல்லை, அப்பா. எனக்கு ஜிம்மி போய்விடுவானே என்ற ஒரே நினைப்புதான். அழவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மிசி ஒரு மலாய்க்கார அம்மா. நாற்காலியில் ஏற்றி வைத்து, மலாயில் “ஙங்ஙா, சாயாங்” என்றார், அதாவது வாயைத் திற கண்ணு என்று. நான் திறக்கவில்லை. கெஞ்சினார், பலூன் காட்டினார், பெரிய பல் பொம்மையைக் காட்டினார். என் உதடு ஒட்டியது ஒட்டியதுதான். திறந்தால் ஜிம்மி காலி. அப்பா தயங்கித் தயங்கி மலாயில் மொத்தக் கதையையும் சொன்னார். மிசி சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, ஒரு யோசனை சொன்னார்: அப்பா முதலில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டட்டும், பிள்ளை தானாகத் திறக்கும்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கப்பலுக்கு மேலே அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்து கொள்கலன் தூக்குகிற மனிதர், அந்த நாற்காலியைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்புறம் என் வீங்கின கன்னத்தைப் பார்த்தார். ஏறிப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். என் ஆயுளில் முதன்முதலாக அப்பாவின் வாய்க்குள் பார்க்கிறேன். மேலே கறுப்பு, கீழே கறுப்பு, பாதி உடைந்தது, வேர் மட்டும் நிற்பது. எனக்கு ஒன்று இருந்ததற்கே இந்தப் பாடு, அப்பா உள்ளே ஒரு பண்ணையே வைத்து நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்! நாலாவது மாடியில் இடமில்லை என்று எனக்குச் சட்டம் பேசிய மனிதர்!

“அப்பா, ஒங்களோடதுக்கெல்லாம் பேரு என்னாப்பா?” என்று கேட்டேன்.

வாயில் மிசியின் கண்ணாடி இருந்ததால் அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. மிசி என்னவென்று கேட்டு, புரிந்ததும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பாவின் மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. விளக்கு கூசுகிறது போல என்று நினைத்தேன்.

அவ்வளவு பேரை வைத்திருக்கிற அப்பாவே திறந்துவிட்டார் என்ற தைரியத்தில் நானும் திறந்தேன். ஊசி, கொஞ்சம் மரத்துப்போதல், ஓர் இழுப்பு, அவ்வளவுதான். நான் கேட்டேன் என்று மிசி பல்லைக் கழுவி உள்ளங்கையில் வைத்தார். ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். உள்ளே யாருமே இல்லை.

அப்பா, மிசி சொன்னதைத் தமிழில் சொன்னார். “பூச்சின்னு ஒண்ணு கெடையவே கெடையாதாம் பாப்பா. இனிப்பு ஒட்டிக்கிட்டே இருந்தா பல்லு தானாவே கரைஞ்சு போயிருமாம்.” அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். வலியால் இல்லை. ஒரு வருடமாக வேளை தவறாமல் நான் யாருக்கும் சாப்பாடு ஊட்டவில்லை. யாரோடும் பேசவில்லை. அந்தப் பகல்களிலெல்லாம் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன் என்பது எனக்கு அந்த நாற்காலியில் வைத்துத்தான் தெரிந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அப்பா என்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எங்கள் சர்ச்சில் ஜெபக் குறிப்புத் தாள் மாதத்துக்கு ஒரு முறைதான் நகலெடுக்கப்படும், அந்த மாதத்துத் தாள் நான் ஜிம்மி பெயரைக் கொடுத்த அதே ஞாயிறு மதியமே அச்சாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஒவ்வொருவர் கையிலும் அது இருந்தது: நாலாவது பெயர், ஜிம்மி. அதற்குள் மாதர் ஐக்கியத்தின் புண்ணியத்தில் கிள்ளான் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பையன்கள் திரும்பித் திரும்பி என் கன்னத்தைப் பார்த்தார்கள். அம்மா “மானம் போச்சு” என்று முணுமுணுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் ஐயா மூன்று பெயர் வாசித்து, நாலாவதில் தயங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தார். ஆமென் வரவேண்டிய இடத்தில் களுக்கென்று சிரிப்புத்தான் வந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து “ஆமென்!” என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாயை மறைக்கக் கை போகவில்லை. அத்தனை கறுப்புப் பல்லும் ஊருக்கே தெரிய, வாயைத் திறந்து, இன்னொரு தடவையும் சொன்னார். கிரேஸ் ஆன்டி அதை அப்படியே பிடித்துக்கொண்டார், பிறகு மொத்தச் சபையும் சேர்ந்துகொண்டது. எனக்கு அப்பாவை அவ்வளவு பிடித்த நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அந்த மாதம் முழுக்க, இல்லாத ஜிம்மிக்காக எல்லா ஞாயிறும் ஜெபம் நடந்தது.

இப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். டின்னுப் பாலை வீட்டுக்குள் விடுவதில்லை. ஜெபக் குறிப்பெல்லாம் கைப்பேசியில் வந்து, கும்பிடும் கை பொம்மையோடு முடிந்துவிடுகிறது. பால் பல்லைப் பற்றிப் பழைய கொள்கை பேசிய அம்மா, பேத்திக்கு முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து, “டாக்டர்கிட்ட காட்டினியா, காட்டினியா” என்று போனில் என் உயிரை எடுத்தார். எடுத்தும் நான் மகள் நயோமியைக் கூட்டிப்போனது போன மாதம்தான், மூன்று வயது நெருங்கும்போது. அப்பாவும் துணைக்கு வந்தார். செந்தூலில் எட்டுப் பிள்ளைகளில் ஒன்றாக வளர்ந்தவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போக யாருக்கும் நேரமிருந்ததில்லை. பள்ளியில் கிண்டல் செய்தார்கள் என்று சின்ன வயதில் வாயை மறைக்கத் தூக்கிய கையை, அந்த ஆமென் ஞாயிறுதான் இறக்கினார். அடுத்த வாரமே தானாகப் போய் நம்பர் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நாற்பது வயதிலேயே பல்செட் கட்டிக்கொண்டவர்.

கிளினிக்கில் கிராம்பு வாசம் இல்லை. மேற்கூரையில் டிவி, அதில் பொம்மைப் படம். டாக்டர் சின்ன வயசுத் தமிழ்ப் பெண். “மம்மி, ஒரு வயசுக்குள்ள கொண்டு வந்திருக்கணும்லா” என்று என்னைக் கண்டித்துவிட்டு, நயோமியிடம், “வாயில பூச்சி இருக்கான்னு பாக்கலாமா?” என்றார். நயோமி ஆவலாக வாயைத் திறந்தாள். எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டர் கை தட்டினார். “வெரி குட்! ஒரு பூச்சிகூட இல்ல!”

என் மகள் ஒரு நொடி பார்த்தாள். “ஒண்ணுகூட இல்லையா?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கிளினிக்கே அதிரும்படி ஓவென்று அழ ஆரம்பித்தாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டிக்கர் கொடுத்தார், பலூன் கொடுத்தார், எதுவும் எடுபடவில்லை. எனக்குப் புரிந்தது.

அப்பா எழுந்து வந்தார். அத்தனை பேர் முன்னால் வாய்க்குள் கை விட்டு, மேல் பல்செட்டைக் கழற்றி, துடைத்து, பேத்தியின் உள்ளங்கையில் வைத்தார். அழுகை சட்டென்று நின்றது. நயோமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தாத்தா, இதுக்குப் பேரு என்னா?”

அப்பா என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த நாற்காலியில் சொல்ல முடியாமல் போன பதிலை, மேல் பல் ஒன்றுமில்லாத வாயைத் திறந்து, மறைக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஜிம்மி.”